தொட்டியில் சாய்ந்த அத்தான்

மெத்தை விற்கப் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஐயா. வாங்க வந்தவரை ஒரு தடவை படுக்கவைத்தால் போதும். மற்றதை அவர் முதுகே பேசிக்கொள்ளும். கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து வயதானவர்களைப் பதமாகச் சாய்ப்பதில் எங்கள் கடையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அதனால்தான் போதகருக்கு முதுகு பிடித்துக்கொண்டதும், ஞானஸ்நானம் எடுப்பவர்களைத் தொட்டியில் முக்கியெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அவர் கரையில் நின்று ஜெபிப்பார். நான் முக்குவேன்.

கடை அத்தானுடையது. அக்காவைக் கட்டிக்கொண்ட கையோடு என்னையும் கூட்டிவந்து கல்லாவில் உட்காரவைத்த தங்கமான மனிதர். ஒரு கடை நான்கான பிறகுதான் சபைப் பக்கம் வர ஆரம்பித்தார். இருப்பதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுப்பது பற்றிய பிரசங்கத்தை நாங்களும்தான் கேட்டோம். கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். அத்தான் மட்டும் சாப்பிடவில்லை.

“ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே நாலு கடையையும் வித்துக் குடுத்துடப்போறேன், மாப்ளே.”

“ரெண்டாயிரம் வருஷமா யாரும் அவசரப்படல அத்தான். நாம மட்டும் ஏன் முந்திக்கணும்?”

“யாராவது ஒருத்தர் செஞ்சு பார்க்கணும்ல.”

“குடுக்கறதுன்னா குடோன்ல கிடக்கற பழைய மெத்தையைக் குடுங்க,” என்றாள் அக்கா. “இடமாவது காலியாகும்.”

அத்தான் சிரித்தார். மனதுக்குள் விற்று முடித்துவிட்டவரின் சிரிப்பு அது.

அவருக்கு ஏழ்மை பழக்கமில்லை. பேருந்தில் நின்றாலே கால் வீங்கும். கொஞ்ச நாளில் கடவுளையே திட்ட ஆரம்பித்திருப்பார். ஒரு நல்ல விசுவாசம் அப்படிக் கெட்டுப்போவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறன்று வெள்ளை உடுப்பில் தொட்டிக்குள் இறங்கினார்.

“பார்த்துடா, மெதுவா,” என்றார்.

“நம்ம கடையில இல்லாத சொகுசு மெத்தை அத்தான், சும்மா சாயுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சாய்ந்தார். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். எங்கள் சபையில் ஜெபம் தொடங்கினால் ஒரு கண் திறந்திருக்காது. எங்கள் போதகரின் ஜெபமோ லேசில் முடியாது. வழக்கமாக முக்கியவுடன் தூக்கிவிடுவேன். அன்று தூக்கவில்லை. அத்தான் கையையும் காலையும் உதறினார். முன்வரிசை மேல் தண்ணீர் தெறித்தது. அவர்மேல் ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே இன்னும் உரக்க அல்லேலூயா போட்டார்கள். நானும் போட்டேன்.

மருத்துவர் மாரடைப்பு என்றார். சபை, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றது. நீங்கள் ஒருவர்தான் என்னைக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். ஆமாம், உதறல் அடங்கும்வரை அழுத்திப் பிடித்திருந்தது நான்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாவமெல்லாம் கழுவிய கையோடு, புதிதாக ஒன்று செய்ய நேரமே இல்லாமல் போய்ச் சேர்ந்தார். சொந்தத் தம்பிகூட இவ்வளவு செய்யமாட்டான்.

ஒரே ஆள் கடவுளையும் காசையும் சேர்த்துக் கவனிக்க முடியாது என்று போதகர் அடிக்கடி சொல்வார். அதனால்தான் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அத்தான் அங்கே பார்த்துக்கொள்கிறார். நான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன்.