சுவிட்ச் அணைந்தே இருந்தது

என் பெயர் சந்தியாகப்பன், வயது 52, த/பெ. சவரிமுத்து. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் பின்புறம் குடியிருந்து ஜீப் ஓட்டிப் பிழைத்து வருகிறேன். இறந்த பெல்வின் என் அக்கா பிலோமினாளின் மகன். ஜூடி அவன் மனைவி.

14.09.2025 ஞாயிறு காலை பூசை முடிந்து பத்தரை மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை டியூப்லைட் இரண்டு நாளாக மினுக் மினுக்கென்று எரிந்ததால் பெல்வின் ஸ்டார்ட்டரை மாற்றினான். சரியாகவில்லை. அதன் பிறகு டியூபைத் திருகிப் பார்த்தான். அதன் பிறகு சோக்கைக் கழற்ற இரும்பு ஸ்டூலில் வெறுங்காலோடு ஏறி, "சுவிட்ச அணச்சிட்டியா?" என்று கேட்டான். "அணச்சிட்டேங்க" என்றாள் ஜூடி. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து மறு கையால் ஒயரைத் தொட்டவன் அப்படியே ஒட்டிக்கொண்டான். நான் ஓடி மெயினை இறக்கினேன். ஓடும்போது அந்தச் சுவிட்சைப் பார்த்தேன். அணைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது.

அன்று மாலை தனியாகப் போய், மெயினைப் போட்டு, சுவிட்ச் அணைந்த நிலையிலேயே அந்த ஒயரில் டெஸ்டர் வைத்தேன். டெஸ்டர் எரிந்தது. ஜூலை மழையில் பலாக்கிளை முறிந்து அந்த வீட்டு சர்வீஸ் ஒயர் அறுந்தபோது, லைன்மேன் வர நாளாகும் என்று, எங்கள் மலையில் எல்லோரும் செய்வதுபோல் நானே கம்பத்தில் ஏறி இரண்டு ஒயரையும் மாட்டினேன். பல்பு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒயர் இடம் மாறினாலும் பல்பு எரியும், ஆனால் சுவிட்சை அணைத்தாலும் விளக்கு ஒயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லை.

பெல்வின் இறந்த மறுநாள் அடக்கத்தில் என் அக்கா, "இவதான் சுவிட்ச போட்டு எம்புள்ளய கொன்னுட்டா" என்று ஊர் முன்னால் ஜூடியை அடித்தாள். முந்தின வாரம் புருஷன் பெண்டாட்டி சண்டை என்பதால் ஊரும் நம்பியது. "நீங்க அங்கதான மாமா இருந்தீங்க, சொல்லுங்க" என்றாள் ஜூடி. பயத்தில் நான் உண்மையைச் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகிவிட்டது. அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று ஆள் ஏற்றாமலே போளூர் வரை ஓட்டித் திரும்பினேன்.

இந்த ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் என் அக்கா இருக்கிறாள். ஜூடி மேல் புகார் கொடுக்க இன்று என் ஜீப்பில்தான் வந்தாள். நான் உள்ளே வந்தது சாட்சி சொல்ல என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ச. சந்தியாகப்பன்
17.09.2025