மேடை நிறைந்த கூட்டு ஆராதனை

கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருந்த கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு போதகர்கள். "மேடை நெறஞ்சிருந்துச்சி, கீழ ஒரு ஆளு இல்ல" என்று மூத்தவர் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன பாஸ்டர் சொல்றீங்க? நான் ஊர்ல இல்லாத நேரத்துலயா இப்படி?"

"நம்ம சபைகளோட ஐக்கியம் நடத்துன கூட்டு ஆராதனைதான்லா. உங்களத் தவிர எல்லா சபை பாஸ்டரும் வந்துட்டோம். சபை ஜனங்களத்தான் ஒருத்தரும் கூட்டிட்டு வரல."

"ஏன்?"

"பயம்தான். பக்கத்து சபையில பாட்டு நல்லா இருந்தா, நம்ம விசுவாசிங்க அங்கயே போயிடுவாங்களே. நானே எங்க ஆளுங்கள வீட்டுல இருந்து ஜெபிக்கச் சொல்லிட்டேன்."

"அப்ப பிரசங்கம்?"

"நான்தான் பண்ணேன். தலைப்பு, ஒருமனப்பாடு. நாற்காலிங்க எல்லாம் ரொம்ப பயபக்தியா கேட்டுச்சிங்க."

இளையவர் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிரிக்பீல்ட்ஸ் நெருங்கியதும் மூத்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த கூட்டம் எங்க சபையிலதான். இந்த தடவ உங்க ஜனங்களையும் கூட்டிட்டு வாங்க."

இளையவரின் சிரிப்பு நின்றது.

"ஜெபிச்சிட்டு சொல்றேன், பாஸ்டர்."