நாலாவது பலகை

உட்கார்ந்தே இருப்பவனுக்கு இடுப்பு வலி வரும் ஐயா. அதிலும் ஆடுகிறவனுக்கு அவ்வளவாக வராது, ஆடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் வரும்.

என் பெயர் அற்புதராஜ். மரக்காணம் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. செத்துப்போன பாஸ்கல் என் தங்கை ஜோசப்பினின் புருஷன். எனக்கும் அவனுக்கும் சதுரங்கப் பைத்தியம். நாடுகள் மோதும் போட்டிக்கு இந்திய அணியில் எங்கள் இரண்டு பேரையும் எடுத்தார்கள். நாலு பலகையில் நாலு பேர் ஆட வேண்டும். நாலாவது பலகை அவனுக்கு, நான் ரிசர்வ். யாராவது படுத்தால்தான் எனக்கு நாற்காலி. யாரும் படுக்கவில்லை. பிள்ளைகள் ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவனைச் சேர்ப்பார்களே, அந்த வேலைக்காகக் கடல் தாண்டிப் போய் வந்தவன் நான்.

அங்கே ஒரு விதி உண்டு. நம் ஆள் தப்பான காயை நகர்த்தப் போவது கண்ணுக்குத் தெரிந்தாலும் அணிக்காரன் வாயைத் திறக்கக் கூடாது. ஜாடைகூடக் காட்டக் கூடாது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைப் பாஸ்கல் கோட்டை விட்டதை அப்படித்தான் பின்னால் நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் குளிரவும் செய்தது.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் திரும்ப அணி அறிவித்தார்கள். திரும்பவும் அவன் நாலாவது பலகை, நான் ரிசர்வ்.

கிளம்ப வேண்டிய வாரம் நல்ல மழை. உப்பளத்தை ஒட்டிய கழுவெளி ஏரி ஓரத்து வரப்பு ஓரிடத்தில் உடைந்துவிட்டது. மேலே பார்த்தால் கணுக்கால் தண்ணீர், அடியில் ஆளை விழுங்கும் சேறு. அப்படி உடைந்த இடத்தில் உப்பளத்து ஆட்கள் பனை மட்டை நடுவார்கள். மட்டை நிற்கிற இடத்தில் எங்கள் ஊரில் யாரும் கால் வைப்பதில்லை. மட்டை இல்லாத வரப்பில் யாரும் யோசித்து நடப்பதும் இல்லை.

நான் கணக்கு எழுதும் உப்பளக் கொட்டகைக்குப் பாஸ்கல் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், கூனிமேடு பாய்கிட்ட கோட்டு தைக்கக் குடுத்தேன்ல, ரெடியாம். வரப்பு மேல குறுக்கால போயி வாங்கினு வந்துடறேன். நீயும் வர்றியா?"

"கணக்கு இருக்குது. நீ போயிட்டு வா மாப்ள."

போனான். வாசலில் நின்று பார்த்தேன். சேற்றில் இடுப்பு வரை இறங்கியதும் என்னைத்தான் கூப்பிட்டான். கொட்டகைக்குள் கயிறு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஜோசப்பின் என்னிடம் அழுதாள். "பொறந்ததுலேருந்து அந்த வரப்புல நடக்கறவருண்ணா. ஒரு மட்டை நட்டிருந்தா கால வச்சிருப்பாரா?"

"வச்சிருக்க மாட்டான்" என்றேன். பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.

அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முதல் ஆட்டத்திலேயே என் ராஜா வசமாக மாட்டிக்கொண்டது. பின்னால் நம் ஆட்கள் நின்றார்கள். தப்பிக்கும் வழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் மூச்சு விட்ட விதத்திலேயே புரிந்தது. ஒருத்தனாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று தவித்தேன். யாரும் சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அவன் போன அன்றைக்குக் காலையில் அந்த உடைப்பில் ஆட்கள் நட்டுவிட்டுப் போன மட்டையைப் பிடுங்கிக் கொட்டகைக்குப் பின்னால் போட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அது ஒன்றுதான் என் தப்பு. மற்றபடி விதி என்ன சொல்கிறதோ, அதன்படிதான் நின்றேன்.