நாலு சொட்டு சோடா

மாலை ஆறரை மணி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை... என் சிநேகிதியின் தம்பி, வேதியியல் வாத்தியார், சைக்கிளில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் வகுப்பில் செய்துகாட்ட வேண்டியதை அன்றே கலந்து பார்க்க வேண்டும். குடுவையில் தண்ணீர், துளி காஸ்டிக் சோடா, நிறங்காட்டி இரண்டு சொட்டு. பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். ஸ்ட்ராவை விட்டு ஊதினால் மூச்சுக்காற்று கலந்து, நிறம் போய், வெறும் தண்ணீர்போல் தெளிந்துவிடும்.

போன வருஷம் வகுப்பில் ஊதிய பிள்ளைகளில் அவருடைய மகளும் ஒருத்தி. வாத்தியார் பெண்ணுக்குச் சலுகை என்று ஒருவரும் வாய் திறந்துவிடக் கூடாதே... அவள் குடுவையில் மட்டும், நிறம் லேசில் போகாதபடி, நாலு சொட்டு சோடா கூடுதலாக விட்டார். யாருக்கும் தெரியாது. ஊதினாள்... ஊதினாள்... நிறம் அசையவில்லை.

“சார் பொண்ணுக்கே மூச்சு பத்தலடா!”

“பலூன் வாங்கிக் குடுங்க சார், பழகட்டும்!”

ஒரே சிரிப்பு.

“மாறுற வரைக்கும் ஊது,” என்றார் அப்பா.

“சரிங்க சார்,” என்றாள். பள்ளியில் ‘அப்பா’ என்று கூப்பிடவே மாட்டாள்.

மணி அடித்தும் மாறவில்லை. இளைப்பு உள்ள பிள்ளை. அன்று ராத்திரி நெஞ்சை அடைத்தது. நாலாம் நாள்... பிள்ளை இல்லை. ஊதியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காய்ச்சல்தான் என்றார் டாக்டர். ஆனாலும் அந்த நாலு சொட்டை வாத்தியார் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சைக்கிளில் போனவர் ஆய்வகத்தைத் திறந்தார். உள்ளே அமில நெடி. குடுவையைக் கலந்து, ஸ்ட்ராவைப் போட்டுவிட்டு, விளக்கை அணைக்கத் திரும்பினார்.

குபுக்.

...குபுக், குபுக். நடுவே ஒரு இழுப்பு. நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி. எத்தனை ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட இழுப்பு அது!

இளஞ்சிவப்பு கொஞ்சங்கொஞ்சமாக வெளுத்தது.

“போதும் தங்கம்... அப்பாதான் சோடாவை அதிகமா விட்டேன். உன்மேல தப்பே இல்லம்மா. போய் உக்காரு.”

குமிழ் நின்றது. தண்ணீர் தெளிந்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார், ஒரு வருஷத்து அழுகையை.

மறுநாள் காலை. வகுப்புக்கு முதலில் வந்தவள் ஒரு சின்னப் பெண். வாத்தியாரைத் தவிர அறையில் யாருமே இல்லை. பையை மேசைமேல் வைத்தாள். காலிப் பெஞ்சைப் பார்த்து,

“கொஞ்சம் தள்ளி உக்காரேன்,” என்றாள்.

கொஞ்ச நேரம் நின்றாள்... பிறகு, இடம் கிடைத்ததுபோல் உட்கார்ந்துகொண்டாள்.