ஆறாவது மாடியில் இரண்டு நாற்காலி

– இறங்குங்க மாமா. வண்டியை நிறுத்திப் பத்து நிமிஷமாச்சு.

– நான் வரலைம்மா. நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா. வெளியில நிக்கிறது எனக்கொண்ணும் புதுசு இல்லையே.

– ரெண்டு பேர் சாப்பாட்டை நான் ஒருத்தி எப்படிச் சாப்பிடுறது?

– உன் மகளைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்.

– அவ அன்னிக்கே சாப்பிட்டாச்சு. நாங்க ஆறு பேரும் சாப்பிட்டோம். சாப்பிடாதது நீங்களும் உங்க தம்பியும்தான். "ரெண்டு சாப்பாடு பாக்கி"ன்னு மேனேஜர் எழுதிக் கொடுத்த சீட்டு, மூணு வருஷமா அவர் பர்ஸுக்குள்ளயே கிடக்கு. போன வாரம் போன் பண்ணிக் கேட்டேன். "தாராளமா வாங்கம்மா, இன்னிக்கும் உங்க வீட்டுக்காரர் கை வெச்ச லிஃப்ட்லதான் ஏறி இறங்குறோம்"னார்.

– பதினோரு வருஷம் இந்த ஓட்டல் லிஃப்ட்டை ரிப்பேர் பார்த்தான். ஒரு நாளாவது அந்த ஹால்ல உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பானா? டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடி மோட்டார் ரூமுக்குப் போயிடுவான்.

– கஞ்சன்னு சொல்லுங்களேன். நான் கோச்சுக்க மாட்டேன்.

– கஞ்சன் இல்லம்மா. நியாயமாச் சொல்லணும்னா, கையிறுக்கம். அவ்வளவுதான்.

– கல்யாணமான புதுசுல ஒருநாள் ஓட்டலுக்குப் போலாமான்னு கேட்டேன். "ஏன், நம்ம அடுப்பு லீவு போட்டிருக்கா?"ன்னார். அதோட நான் வாயை மூடிக்கிட்டேன்.

– அப்படிப்பட்டவன் எட்டு பேருக்கு மேஜை பிடிச்சான் பாரு.

– எல்லாம் ஊரடங்குல மிச்சமான காசு மாமா. பஸ்ஸுக்குப் போகாத காசு, சாயந்தரம் டீ குடிக்காத காசு, முடி வெட்டிக்காத காசு. தினம் தினம் பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சார். எதுக்குன்னு கேட்டா, "வெளியில போயிருந்தா இது செலவாகியிருக்குமா இல்லையா? அப்போ இது செலவான காசு. செலவான காசை வீட்டுச் செலவுக்கு எடுக்கக்கூடாது"ன்னு ஒரு சட்டம். டப்பா நிறைஞ்சதும், "அண்ணனை ஒருவாட்டி அந்த ஆறாவது மாடியில உட்கார வெச்சுச் சாப்பாடு போடணும்"னார். முதல் ஸ்பேனர் நீங்க வாங்கிக் கொடுத்ததாமே.

– அதைச் சொல்லாதம்மா.

– சொல்றதுக்குத்தான் வந்திருக்கோம். இல்லேன்னா நீங்களும் பேச மாட்டீங்க, நானும் பேச மாட்டேன். திவசத்துக்குத் திவசம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டுக் கிளம்பிடுவோம்.

– அன்னிக்கு இதே வாசல்லதான் அந்தப் பொண்ணு நின்னா. நீலக் கையுறை போட்டுக்கிட்டு. ஊசி போட்ட சீட்டைக் காட்டினாத்தான் உள்ள விடுவேன்னா. தம்பி திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தான். நான் என்ன சொன்னேன், ஞாபகமிருக்கா?

– "சோத்துக்காகச் சீட்டுக் காட்டுற பொழப்பு எனக்கு வேண்டாம்"னீங்க. பின்னாடி வரிசையில நின்னவங்களுக்கும் கேக்குற மாதிரி.

– அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே. "நீங்கள்லாம் சீட்டைக் காட்டிட்டுப் போங்க, நான் அண்ணன்கூட இருக்கேன்"னான். தூறல் வேற ஆரம்பிச்சுடுச்சு. அதோ, அந்த ஜெனரேட்டர் ஷெட் ஓரமா ஒதுங்கி நின்னோம். எதிர்க்கடைக்கு ஓடிப்போய் ரெண்டு பன் வாங்கிட்டு வந்தான். பன்னைக் கடிச்சுக்கிட்டே மேல கையைக் காட்டி, "மூணாவது ஜன்னல் அண்ணே, அதுதான் நம்ம மேஜை"ன்னான். ஏதோ வீடு வாங்கினவன் மாதிரி சொன்னான்ம்மா.

– ரெண்டு மாசம்தான் இருந்தார் அதுக்கப்புறம்.

– எத்தனையோ கட்டடத்துல ஏறி இறங்கினவன். அந்தப் புதுக் கட்டடத்துல கால் வழுக்கி விழணும்னு இருந்திருக்கு. ஆயுசு முடிஞ்சுதுன்னு மனசைத் தேத்திக்கலாம். அவன் ஜென்மத்துல ஒரே ஒருதரம் கையை விரிச்சுச் செலவு பண்ணினான், அதைச் சாப்பிட விடாமப் பண்ணினவன் நான். அதை எந்தத் தண்ணியில கழுவுறது?

– ஊசி வேண்டாம்னு உங்களுக்கு ஒரு எண்ணம். அது உங்க பிடிவாதம். விடுங்க.

– பிடிவாதமா இருந்தாலாவது பரவாயில்லையே. கேளு. இதை உன்கிட்டச் சொல்லாம நான் அந்த லிஃப்ட்டுல கால் வைக்க முடியாது. பஸ் டிப்போ கேட்ல ஸ்டூல் மேல ஏறி நின்னு மைக்கைப் பிடிச்சேன் இல்லையா? "ஊசிக்கு யாரும் கையை நீட்டாதீங்க, நிர்வாகம் கட்டாயப்படுத்தினா சங்கம் பார்த்துக்கும், நான் பொறுப்பு"ன்னு. முந்நூறு பேர் கை தட்டினாங்க. கைதட்டல் இருக்கே, அது கள்ளைவிட மோசம். நியாயமாச் சொல்லணும்னா –

– மைக்கைக் கீழ வெச்சுட்டுச் சொல்லுங்க மாமா. இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்.

– சரி. பேசின அடுத்த மாசமே அந்தக் காய்ச்சல்ல ரெண்டு டிரைவர் போயிட்டாங்க. ஒருத்தன் ஸ்டூலுக்குப் பக்கத்துல நின்னு கை தட்டினவன். வீட்ல என் பொண்டாட்டி, அதான் உங்க அக்கா, ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம அழுதா. விடிஞ்சும் விடியாமலும் கிளம்பி, நம்மள யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய், முகக்கவசத்தைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு... போட்டுக்கிட்டேன்மா. ஒண்ணில்ல, ரெண்டு தவணையும்.

– சொல்லுங்க.

– அதே ஸ்டூல்ல ஏறி, "நான் சொன்னது தப்பு, எல்லாரும் போய்ப் போட்டுக்கங்க"ன்னு சொல்லியிருக்கணும். ஏறத் தெரிஞ்சவனுக்கு இறங்கத் தெரியலை. அன்னிக்கு இங்க வந்தப்போ சீட்டு என் சட்டைப் பையில இருந்துச்சு. கிளம்பும்போது உங்க அக்காதான் நாலா மடிச்சு வெச்சா. நீட்டியிருந்தா முடிஞ்சுபோச்சு. ஆனா பக்கத்துல தம்பி நிக்கிறான். என் பேச்சைக் கேட்டு ஊசி போடாம இருக்கிறவன். அவன் கண்ணு முன்னாடி அந்தச் சீட்டை எப்படி எடுப்பேன்? மானம் போயிடுமேன்னு கௌரவமாப் பேசிட்டு வெளியில வந்துட்டேன். இதான் உன் மாமாவோட லட்சணம். இப்போ சொல்லு, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மேல வர்றது?

– பர்ஸைப் பிடிங்க.

– எதுக்கும்மா?

– மேனேஜர் சீட்டு உள்ள இருக்கு. நீங்களே உங்க கையால எடுங்க.

– பர்ஸ் தேஞ்சு போச்சு, ஆனாலும் மாத்தியிருக்க மாட்டான்... இதோ இருக்கு. கூடவே இன்னொரு தாளும் ஒட்டிக்கிட்டு வருது.

– பார்த்துப் பிரிங்க. அன்னிக்கு மழையில நனைஞ்சது.

– கண்ணாடியைக் கொண்டு வரலையே நான்... அவன் பேர் இருக்கு. முதல் தவணை. ரெண்டாம் தவணை. தேதி... இந்தத் தேதி சாப்பாட்டுக்கு ஒரு மாசம் முந்தி இல்ல?

– ஆமா மாமா.

– அவன் போட்டுக்கிட்டானா?

– ஆஸ்பத்திரி லிஃப்ட்டையும் அவர்தானே பார்த்துக்கிட்டு இருந்தார். ஊசி போடாம உள்ள விட முடியாதுன்னுட்டாங்க. போட்டுக்கிட்டு வந்து என்கிட்ட சத்தியம் வாங்கினார். "அண்ணனுக்குத் தெரியக் கூடாது. கூடப்பிறந்தவனே கேக்கலைன்னு நாலு பேர் சிரிச்சா அவர் தாங்க மாட்டார்"னு.

– அப்போ அந்த ஷெட் ஓரமா...

– ரெண்டு பேர் பையிலயும் சீட்டு இருந்துச்சு.

– ஒண்ணரை மணி நேரம்மா. அவன் காசு போட்ட சாப்பாடு மேல ஆறிக்கிட்டு இருக்கு. கீழ ரெண்டு தடியனுங்க மழையில நின்னு பன் தின்னுக்கிட்டு இருந்திருக்கோம். அவன் எனக்காக நின்னான், நான் அவனுக்காக நின்னேன். இதை யார்கிட்டப் போய்ச் சொல்லி அழ?

– கண்ணைத் துடைச்சுக்கங்க.

– உனக்கு என் விஷயம் தெரியாது. உங்க அக்காவுக்கு அவன் விஷயம் தெரியாது. ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து, ஆளுக்கொரு ரகசியத்தை முழுங்கிக்கிட்டுச் சாப்பிட்டிருக்கீங்க. யாரைக் குத்தம் சொல்ல முடியும்?

– அங்கதான் மாமா தப்பு. இன்னிக்கு அக்காவை விட்டுட்டு உங்களை மட்டும் கூட்டிட்டு வந்ததே அதுக்குத்தான்.

– எதுக்கு?

– சூப் வந்தப்போ அக்கா ஸ்பூனைக் கீழ வெச்சுட்டாங்க. "அவர் பையில சீட்டு இருக்குடி"ன்னு என் காதுல சொல்லிட்டாங்க. சத்தியமாவது ஒண்ணாவது, நானும் இவரோடதைச் சொல்லிட்டேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு, புரையேறிப்போச்சு. பசங்களுக்கு எதுக்குன்னே புரியலை. உங்க ரெண்டு பேர் காதையும் பிடிச்சு மேல இழுத்துட்டு வரலாம்னு நான் எழுந்து லிஃப்ட் வரைக்கும் போனேன். பொத்தானை அமுக்கினேன். கதவு திறந்துச்சு.

– நீ வரலையேம்மா.

– ஒரு காலை உள்ள வெச்சுட்டேன் மாமா. அப்புறம், கொஞ்சம் நிக்கட்டும், அடுத்த தடவை எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம்னு தோணுச்சு, காலை எடுத்துட்டுத் திரும்பிப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.