சின்னராசு அண்ணனுக்கு ஒரு ஹேஷ்டேக்

மரவள்ளிக் கிழங்க ரொம்ப மெல்லிசா சீவிட்டா எண்ணெய்ல போட்டதும் கருகிடும் மேடம். கொஞ்சம் கனமா இருக்கணும். எனக்கு எதுலயும் அவசரம் கெடையாது, நிதானமா செய்யறவ நானு. டீ வேணாம், நீங்க குடிங்க. நீங்க கேட்டதுக்கு ஒண்ணு விடாம சொல்லிடறேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எங்க சிப்ஸ் கடை. நான் சீவுவேன், எங்க வூட்டுக்காரரு சின்னராசு வறுப்பாரு. கல்வராயன் மலையிலேர்ந்து கிழங்கு எடுத்தாறதும் அவருதான். வியாபாரம் சுமார். எங்க அக்கா பொண்ணு தனுஷாதான், "சித்தி, பேஜ் ஒண்ணு தொறந்து ஹேஷ்டேக் போடு, ஜனம் தானா வரும்"னு என் ஃபோன்ல செஞ்சு குடுத்துட்டுப் போனா. நானும் #மொறுமொறு, #மரவள்ளிசிப்ஸ், #கள்ளக்குறிச்சிருசின்னு போட்டுப் பாத்தேன். லைக் போட்டது நானும் தனுஷாவும்தான்.

ஒரு நாள் கிழங்கு பாக்க மலமேல கரியாலூர் போனவரு திரும்பல. ஃபோனும் போவல. பயந்துட்டேன் மேடம், அது நெசம். அழுதுகினே அவரு படத்தப் போட்டு #காணவில்லைன்னு அடிச்சேன். பதட்டத்துல கடை பேஜ்லயே போட்டுட்டேன். காலைல பாத்தா, கடைசி பஸ்ஸ வுட்டுட்டேன்னு சிரிச்சுகினு வந்து நிக்கறாரு மனுஷன். அதுக்குள்ள துபாய் வரைக்கும் ஷேர் ஆயிட்டுது. "கவலப்படாதீங்க அக்கா, அண்ணன் வந்துடுவாரு. அண்ணன் கையால வறுத்த சிப்ஸ் கூரியர்ல அனுப்புவீங்களா?"ன்னு கேக்கறாங்க. இத்தன பேரு பாசம் வெச்சிருக்கறப்போ, அவரு வந்துட்டாருன்னு எந்த வாயால சொல்றது? பாவம் இல்லியா அவங்க.

அதனால அவர மறுபடியும் மலைக்கே அனுப்பிட்டேன். கரியாலூரத் தாண்டி ஒரு கொட்டாய் பிடிச்சுக் குடுத்து, அடுப்பும் சட்டியும் ஏத்தி விட்டேன். காணாமப் போனவரு அங்க வறுப்பாரு, மூட்டையில இங்க வந்து சேரும், நான் கண்ணத் தொடச்சிகினு பாக்கெட் போடுவேன். மொதல்ல அவருக்கும் சந்தோசம்தான். அவரு படத்துக்கு அவரே லைக் போட்டுகினு இருந்தாரு. "எனக்கா இவ்ளோ பேரு?"ன்னு ஃபோன்ல கேட்டாரு, பச்சப்புள்ள மாதிரி.

ஆனா தேடறதுக்கும் ஒரு அளவு இருக்குது இல்ல? ஜனங்களுக்கு சலிச்சுப் போச்சு, பாக்கறவங்க கம்மியாயிட்டாங்க. அப்பதான் அருவிக்கரையில செருப்பக் கழட்டி வெச்சு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "அப்புறம் நான் வெறுங்கால்லயா நடக்கறது?"ன்னாரு. வேற செருப்பு வாங்கி அனுப்பினேன், அதுல நான் கொற வெக்கல. செருப்புக்குக் கீழ #கண்ணீர்அஞ்சலின்னு போட்டதும் பேஜு பிச்சுகினு ஓடிச்சு.

காரியம் நானா ஆசப்பட்டு செய்யல. "அக்கா, அண்ணனுக்குக் காரியம் எப்போ?"ன்னு கமெண்ட்ல கேட்டாங்க. கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லணும்னு தனுஷா சொல்லியிருக்கா. எங்க அண்ணன் பகலவன் கோடிப் புடவ எடுத்தாந்தாரு. பூவும் பொட்டும் எடுத்தத லைவ்ல காட்டினேன். பந்தி பெருசு. தெருவே சாப்ட்டுது. எங்க வூட்டுக்காரரோட பெரியப்பா சுப்புராயன் பாயசத்த மறுபடியும் கேட்டு வாங்கினாரு. அன்னிக்குதான் மலையிலேர்ந்து கோவமா ஃபோன் வந்துச்சு. "இன்னாடி, படையல்ல சர்க்கரப் பொங்கல் வெச்சிருக்கே, எனக்குப் பிடிச்சது கருவாட்டுக் கொழம்புன்னு உனக்குத் தெரியாதா?"ன்னு கத்தினாரு. தனியா இருந்தா மனுஷனுக்கு சின்ன விசயமும் பெருசா தெரியும் மேடம்.

அப்புறம் சொல்லாம கொள்ளாம எறங்கி வந்துட்டாரு. தாடியும் எளச்ச ஒடம்புமா ஷேர் ஆட்டோலேர்ந்து எறங்கி, வாசல்ல நின்னு, "லட்சுமி, என்னால முடியல, வூட்டுக்கு வந்துட்டேன்"னாரு. அதுக்குள்ள தெருவே கூடிட்டுது. கூட வளந்தவங்களுக்கு அடையாளம் தெரியாமலா இருக்கும்? ஆனா அத்தன பேரும் காரியச் சோறு சாப்ட்டவங்க. வயிறார சாப்ட்டுட்டு ஆளு உயிரோட இருக்காருன்னு எப்படி சொல்லுவாங்க? எல்லாரும் சுப்புராயன் மூஞ்சியப் பாத்தாங்க. அவரு கிட்ட போயி உத்துப் பாத்துட்டு, "நம்ம பையன் சாயல்தான். ஆனா காரியம் முடிஞ்சிருச்சேப்பா"ன்னாரு.

அப்புறம் எல்லாரும் என்னப் பாத்தாங்க. அவரும் பாத்தாரு. என் கையில ஃபோன் லைவ்ல ஓடிக்கினு இருந்துச்சு. இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுன்னேன். கீழ #போலிக்கணவன்னு நானேதான் அடிச்சேன், ஒரு எழுத்து தப்பு இல்லாம. அதுவரைக்கும் அத்தன ஜனம் எங்க பேஜப் பாத்ததே கெடையாது. உங்க ஸ்டேஷன்ல புகார் குடுத்ததும் நாந்தான்.

உள்ள அவரு என் பேரச் சொல்லி அழுவறது இங்க வரைக்கும் கேக்குது. நான் ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவோம், இல்லன்னா நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பிடுவோம்னு சொல்றீங்க. சொல்றேன் மேடம். அவருதான் எம்புருஷன். எடது தோள்ல எண்ணெ தெறிச்ச தழும்பு இருக்கும், வேணும்னா பாத்துக்கங்க. காணாமப் போகல, சாவல, எல்லாம் நான் செஞ்சது.

ஆனா இத ஞாயித்துக்கெழம கழிச்சு எழுதிக்கங்க. அன்னிக்கு அவரு நெனவா அன்னதானம், லைவ்ல சொல்லியாச்சு, வெளியூர்லேர்ந்தெல்லாம் வராங்க. அதுவரைக்கும் அவரு ஜெயில்லயே இருக்கட்டும், தனியா இருந்து பழகினவருதான். நாலு பேரு என்ன வேணா பேசிட்டுப் போவட்டும். எங்க வூட்டுக்காரர மட்டும் யார்கிட்டயும் நான் விட்டுக்குடுத்துப் பேசினதே இல்ல மேடம்.