ஏறுன சுருதி இறங்கல

...இல்ல வசீம் பாய், மொதல்ல அந்த ஸ்க்ரூ டிரைவரக் கீழ வைங்க. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு அப்புறம் தொறங்க. ஜங்ஷன் பக்கத்து ரிப்பேர் கடையில ஒருத்தன் பாக்காமயே "தூக்கிப் போடுங்கம்மா"ன்னான். தூக்கிப் போடறதா! இப்ப வர்ற பொம்மக் கீபோர்டா இது? பழைய சிந்தசைசர் பாய். எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேருந்து மடியில வச்சுக் கொண்டாந்தது. அதான் தென்னூருக்கு ஆட்டோ புடிச்சு உங்ககிட்டயே வந்துட்டேன்.

சத்தம் கூட்டக் கொறைக்கத் திருகுற இந்த நாபத் திருப்பினா கரகரங்குது. அதுகூடப் பரவால்ல. இடது பக்கம் இருக்கே சக்கரம்... முன்னாடி தள்ளினா சுருதி ஏறும், கைய விட்டா தானா நடுவுக்கு வந்துடணும். வரமாட்டேங்குது! போன வாரம் லால்குடியில கச்சேரி. அம்மன் பாட்டு. லேசாத்தான் தள்ளினேன். ஏறிடுச்சு. இறங்கவே இல்ல. பாடுற மணிமேகலை, பாவம், அதத் தொரத்திக்கிட்டு மேல மேல போறா, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுப் போச்சு. முன்னாடி இருந்த பொம்பளைக்குச் சாமியே வந்துடுச்சு பாய்! ஜனம் கை தட்டுது, எனக்கு வேர்த்து ஊத்துது.

இதுக்குன்னே காத்துக் கெடந்தான், எங்க குழுவுல தாளத்துக்குப் பேடு தட்டுற ரஞ்சித்து. "பானுக்கா, வர்ற வெள்ளிக்கிழம சமயபுரத்துக் கச்சேரியில நான் லேப்டாப்புலயே வாசிச்சுடுறேன், நீங்க பாட்ட அறிவிச்சாப் போதும்"ங்கறான். அறிவிக்கிறதாம்! நான் ஆரம்பிச்ச குழு பாய் இது. வீட்டுக்கு வந்து அழுதுட்டேன். இந்த வெள்ளிக்கிழம இது பாடலைன்னா, அப்புறம் மேடையில எனக்கு எடமே கெடையாது.

தொறந்துட்டீங்களா? பாத்து... பாத்து. ஏன் மூஞ்சி ஒரு மாதிரி போவுது? அழுக்கா? என் பெட்டியிலயா? வாரம் தவறாம ஈரத்துணியில தொடச்சு, சந்தனம் கொழைச்சு ஒவ்வொரு நாபுக்கும் பொட்டு வச்சு, அதுமேல குங்குமம் வைக்கிறவ நான். அந்தச் சக்கரத்துக்குக் கொஞ்சம் தாராளமாவே வைப்பேன், ஒழைக்கிறதாச்சே. ஆயுத பூஜையன்னிக்கு பன்னீர் வேற...

என்ன அது பிரஷ்ஷுல? செக்கச்செவேல்னு, கட்டி கட்டியா... அடப்பாவி! ரஞ்சித்து செங்கப்பொடியக் கொட்டியிருக்கான் பாய்! மோந்து பாக்கவா? குடுங்க.

...ம்.

சந்தனம்தான், குங்குமத்தோட. சரி, சிரிக்காதீங்க. மேல வச்ச பொட்டு உள்ள போனா அது என் தப்பா? நாபச் சுத்தி ஓட்டைய விட்டது யாரு? சாமி கும்புடத் தெரியாதவன் செஞ்ச பெட்டி, வேறென்ன சொல்ல.

ஸ்பிரிட்டு போட்டுக் கழுவியாச்சா? இருங்க, நான் தள்றேன். ஏறுது... விட்டேன்... ஐயோ, வந்துடுச்சு! தானா வந்துடுச்சு பாய்! இன்னொரு தடவ... ஆஹா, வெண்ண மாதிரி போவுது. நாபுலயும் கரகரப்பு இல்ல. வெள்ளிக்கிழம நான்தான் உக்காருவேன், அவன் வேணா அறிவிக்கட்டும். நீங்க நல்லா இருக்கணும் பாய், கண்ணெல்லாம் கலங்குது எனக்கு.

இருங்க, மூடிடாதீங்க. பையில குங்குமச் சிமிழ் வச்சிருக்கேன். கண்ணு பட்டுடக் கூடாதுல்ல... சக்கரத்துல ஒரே ஒரு பொட்டு... பாய்? பெட்டியத் தூக்கிட்டு எங்க போறீங்க? கதவ ஏன் சாத்துறீங்க? பாய்! சின்னப் பொட்டுதான் பாய்!